பார்த்தாலே போதும் என்றாள் யோகேஸ்வரி

லாபிஸ் ஊர் யோகேஸ்வரிக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஓர் ஆசைதான். இணையச் சந்தையில் யாராவது எலுமிச்சை ஊறுகாய் என்று தேடினால், தீபாவளிக்குள் அவளுடைய ஊறுகாய் முதல் பக்கத்தில் வரவேண்டும். அதற்காகவே கையுறைத் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு வந்தவள் அவள். விதியோ அவளைப் பதினோராம் பக்கத்தில், பூனைத் தீனிக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தது.

முதல் பக்கத்தில் கொலுவீற்றிருந்தது யார்? கணவனின் தங்கை, அதே ஊறுகாய் விற்கும் ஆயர் ஈத்தாம் ஊர் ஷாமளா!

"அண்ணி, உங்க ஊறுகாயத் தேடித் தேடி விரலே தேஞ்சு போச்சு லா!" கல்யாண வீட்டில், எல்லார் முன்னிலையிலும் ஷாமளா சிரித்தாள். அன்று யோகேஸ்வரி பாயசத்தைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் தழுதழுத்த குரலில் பேசி அனுப்பினாள்.

"காலையில சாமி கும்பிட்டதும் என் ஊறுகாயத் தேடி, ஒரு தடவ திறந்து பாருங்க. வாங்க வேணாம், பாத்தாலே போதும்."

சொந்தக்காரர்களிடம் விற்பதா? அவர்களுக்குத்தான் போத்தல் போத்தலாகச் சும்மா கொடுத்திருந்தாளே!

சொந்தம் என்றால் அதுவல்லவோ சொந்தம்! பெக்கோக் ஊர்ப் பெரியப்பா திருநீறு பூசிய கையோடு பார்த்தார். கஸ்தூரி அத்தை பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கணவன் மணியம் செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்தான். ஊறுகாய் இருபதாம் பக்கத்துக்கு இறங்கியது. பதறிப்போய் எல்லாரும் மாலையிலும் பார்த்தார்கள். இன்னும் இறங்கியது.

ஜொகூர் பாருவில் வேலை செய்யும் மகள் ரூபினி விடுமுறைக்கு வந்தபோதுதான் குட்டு உடைந்தது.

"அலமாக்! என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க? இத்தன பேரு திறந்து பாத்துட்டு ஒருத்தர்கூட வாங்கலன்னா, சாமான்ல ஏதோ கோளாறுன்னு சந்தை முடிவு பண்ணிடும். அதான் கீழ தள்ளுது."

"அப்போ என் ரத்த சொந்தமே பாத்துப் பாத்து என்னக் குழியில தள்ளிடுச்சா!"

யோகேஸ்வரி சுவரோடு சரிந்தாள். எழுந்ததும் குழுவில் அலறினாள்.

"சும்மா பாக்கறவங்க யாரும் இனிமே என் ஊறுகாயப் பாக்காதீங்க!"

குழு கொந்தளித்தது. முதலில் சீறியவள் ஷாமளா.

"யாரப் பாத்து சும்மா பாக்கறவங்கன்னு சொல்றீங்க அண்ணி? வாங்க எங்களுக்கு வக்கில்லையா? இந்தாங்க, இருபது போத்தல்!"

நாத்தனாரே இருபது வாங்கிய பிறகு பெரியப்பா பேசாமல் இருப்பாரா? கஸ்தூரி அத்தைதான் விடுவாளா? ரோஷத்தில் ஆளாளுக்கு வாங்கித் தள்ளினார்கள்.

தீபாவளிக்கு முந்திய வாரம் யோகேஸ்வரியின் ஊறுகாய் முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. ஷாமளாவின் ஊறுகாய் அதற்கு நேர் கீழே. யோகேஸ்வரி தேம்பித் தேம்பி அழுதாள்.

பிறகு முகம் கழுவி, சாமி கும்பிட்டு, ஷாமளாவின் ஊறுகாயைக் கைபேசியில் திறந்தாள். ஆசை தீர, கண் குளிரப் பார்த்தாள். வாங்காமல் மூடினாள்.

"என்னங்க, இங்க வாங்க," என்று மணியத்தைக் கூப்பிட்டாள். "உங்க தங்கச்சி ஊறுகாய நீங்களும் ஒரு தடவ பாருங்க."