பாஸ் மார்க் வாங்கிய வலி

உத்திராபதி சார் முப்பத்துநாலு வருஷம் சிதம்பரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மார்க்கை அள்ளிக் கொடுத்து அறியாதவர். விடை சரியாக இருந்தால் கையெழுத்துக்குக் குறைப்பார்; கையெழுத்தும் நன்றாக இருந்தால் மார்ஜினுக்குக் குறைப்பார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஃபெயிலாகி நன்றாகவே பிழைத்தார்கள்.

2010இல் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்ததும் சென்னையில் இருந்த மகன் அவரைக் கடலூரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான். ஒரு மாதத்துக்குள் வாக்கரைப் பிடித்து நடந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆயுசுக்கும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த இல்லத்தில் வலிக்கு ஒரு நவீன ஏற்பாடு இருந்தது. தினமும் காலையில் “பத்துக்கு எவ்ளோ வலி?” என்று கேட்டு நோட்டில் எழுதுவார்கள். ஐந்துக்கு மேல் சொன்னால்தான் வலி மாத்திரை. முகத்தைப் பார்க்கிற வேலை மிச்சம்.

சார் தினமும் “மூன்றரை” என்றார். புரள முடியாமல், கட்டில் கம்பியைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்றரை. மேனேஜர் பழனிவேல் அவரை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி, “ஒரு தொந்தரவும் இல்லாத பேஷண்ட்” என்று பெருமைப்பட்டார். சாருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். மூன்று வாரம் போயிற்று. வாக்கர் சுவரோரம் புதுசாகவே நின்றது.

அவரைக் கவனித்துக்கொண்ட ரத்தினம்மாள் ஒருநாள் நோட்டை மூடி வைத்தாள்.

“மூன்றரைன்னா இன்னா கணக்கு சார்?”

“பாஸ் மார்க்கும்மா. வலின்னு ஒத்துக்கிட்டேன்ல.”

“பத்து யாருக்குனா போட்டிருக்கீங்களா?”

“அறிவுமதின்னு ஒருத்தன். எல்லாக் கணக்கும் சரி. தலைக்கனம் வந்துடப் போவுதேன்னு ஏழு போட்டேன்.”

“அவனுக்கு நெசமா எவ்ளோ வரணும்?”

சாருக்கு அந்தப் பையன் பேப்பரை வாங்கிக்கொண்டு, எங்கே தப்பு என்று திருப்பித் திருப்பிப் பார்த்தது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

“பத்து” என்றார்.

“சரி. இதுக்கு?”

ரத்தினம்மாள் அவரை மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். சாருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

“பத்துதாம்மா. மொத நாள்லேந்தே பத்து.”

டாக்டரிடம் போனில் கேட்டு அன்று மதியமே மாத்திரை வந்தது. கூடவே மேனேஜரின் மெமோவும் வந்தது. நேற்றுவரை மூன்றரையாக இருந்த வலி ஒரே நாளில் பத்தானது எப்படி என்று ரத்தினம்மாள் விளக்கம் தர வேண்டுமாம்.

பதிலை சாரே எழுதினார். ‘வலி முதல் நாளிலிருந்து சரியாகத்தான் இருந்தது. திருத்தியவன்தான் தப்பு.’ கையெழுத்துப் போட்டுவிட்டு, வாக்கரைக் கொண்டுவரச் சொன்னார்.