தோல் படிக்கும் டீச்சர்

வெங்காயத் தோலை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு டீச்சர் பார்க்கிறார். வைரம் வாங்குகிறவர்கள்கூட அத்தனை நேரம் பார்க்க மாட்டார்கள். மேசையில் பழைய செய்தித்தாள் விரித்திருக்கிறது. அதன்மேல் ஒரு வாரத்துக் குப்பை கொட்டிக் கிடக்கிறது. குப்பைக்குச் சொந்தக்காரியான தையற்கடை அம்மாள் எதிரே நின்று கையைப் பிசைகிறாள்.

“வெங்காயம் மூணு. முட்டை ஓடு நாலு. அப்புறம்?”

“அப்புறம் கீரை டீச்சர். கீரைக்குத்தான் தோல் கிடையாதே.”

“தோல் கிடையாது. தண்டு உண்டு, வேர் உண்டு. அதெல்லாம் எங்க போச்சு?”

தையற்கடை அம்மாள் தன் கால் கட்டைவிரலைப் பார்க்கிறாள். “ரெண்டு நாளா பன்னுதான் டீச்சர். துணி குடுக்க வேண்டிய கெடு இருந்துச்சு.”

“அதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? கீரை தின்னீங்களான்னு நானா கேட்டேன்?”

வாசகசாலைக்குப் பின்னால் இருக்கிற நீளக் கூடத்தில், ஒவ்வொரு வியாழக்கிழமையும் மூன்று மணிக்கு இந்த விசாரணை நடக்கும். வீட்டுத் திறனும் நல்லுணவும் கற்றுக்கொடுக்கும் பயிற்சி வகுப்பு என்று வாசலில் பலகை இருக்கிறது. அவ்வளவு நீளத்தை வாயில் போட்டு மெல்ல யாருக்குப் பொறுமை? தோல் வகுப்பு என்றால் தெருவுக்கே தெரியும். டீச்சருக்குத் தோல் டீச்சர் என்று பெயர். அது அவருக்குத் தெரியாது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தெரியாத மாதிரி அவரும் இருக்கிறார்.

பன்னிரண்டு வாரப் படிப்பு. முதல் மணி நேரம் தோல், அடுத்தது சமையல், கடைசியில் கைவேலை. பொத்தான் தைப்பது, சட்டையை மடிப்பில்லாமல் தேய்ப்பது, ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுவது. ஒவ்வொரு கூட்டமும் அதே ஒரு குழாயைத்தான் கழற்றி மாட்டிப் பழகுகிறது. அதனால் அந்தக் குழாய் ஒழுகாத நாளே கிடையாது. யாராவது சிரித்தால் டீச்சர் விடமாட்டார். “ஒழுகாத குழாயை வெச்சிக்கிட்டு ரிப்பேர் எப்படிச் சொல்லித் தர்றது? நல்லா இருக்கிற பல்லையா டாக்டர் பிடுங்கிப் பழகுறார்?”

தோல் பார்க்கிற வித்தை ஆரம்பத்தில் கிடையாது. முதல் வருஷம் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, தின்றதை எழுதச் சொன்னார். எல்லாரும் எழுதினார்கள். காலையில் பழம், மதியம் காய், ராத்திரி கஞ்சி. “நோட்டுல பார்த்தா அத்தனை பேரும் முனிவருங்க. இடுப்பைப் பார்த்தா அப்படித் தெரியல,” என்று டீச்சர் அத்தனை நோட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். “வாய் பொய் சொல்லும், பேனா பொய் சொல்லும். குப்பைத்தொட்டிக்கு அந்தப் புத்தி கிடையாது. அடுத்த வாரத்துலேர்ந்து தோலைக் கொண்டு வாங்க.” அன்றைக்கு ஆறு பேர் வகுப்பை விட்டு நின்றார்கள். டீச்சர் அசையவில்லை.

செய்கிற தொழில் ரத்தத்தில் ஊறிவிடும் என்பார்களே, அப்படி ஆகிவிட்டது அவர் நிலைமை. குப்பை வண்டி வருகிற நாளில் தெருவில் அவர் நடையே மெதுவாகிவிடும். “மாடி வீட்ல யாருக்கோ சளி பிடிச்சிருக்கு. எலுமிச்சம்பழமா கிடக்குது,” என்பார். விசாரித்தால் உண்மையாக இருக்கும். அவருடைய அக்கா வீட்டில், டீச்சர் வருகிறார் என்று தெரிந்தவுடன் அத்தான் குப்பைத்தொட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவார். “மத்த வீட்ல விருந்தாளி வந்தா கூடத்தைப் பெருக்குவாங்க. எங்க வீட்ல தொட்டியைக் கழுவுவோம்,” என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். டீச்சரின் கணவர் மிட்டாயை ஆபீசிலேயே தின்று, காகிதத்தையும் அங்கேயே போட்டுவிட்டு வருகிற மனிதர். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் சொந்தமாகக் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான்.

இப்படிப்பட்டவரையும் ஒருத்தர் எட்டு வாரம் ஏமாற்றினார் என்றால் நம்ப முடியுமா? ஆனைக்கும் அடி சறுக்கும்.

ஏழாம் நம்பர் பஸ்ஸைப் பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறவர் அவர். பெயரே ஏழாம் நம்பர் என்று ஆகிவிட்டது. உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டது. டெப்போ டாக்டர் மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் இறங்கினால் ஸ்டீயரிங். இறங்காவிட்டால் டெப்போ வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிற வண்டி, வெளியே போகிற வண்டி எல்லாவற்றின் நம்பரையும் எழுத வேண்டும். “என் வண்டியை வேற ஆளு ஓட்டிக்கிட்டுப் போவான். நான் அதுக்கு நம்பர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும். அதுக்கு வண்டி என்மேலயே ஏறிப் போயிடலாம்,” என்று சொல்லிக்கொண்டேதான் அவர் வகுப்புக்கு வந்து சேர்ந்தார். சேரும்போதே இரண்டு வாரம் தாமதம். கத்தி பிடிக்கிற பாடம் முதல் வாரத்திலேயே முடிந்துபோயிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை அவர் தன் பையைக் கொட்டினார். கூடம் வாயைப் பிளந்தது. கேரட், பீட்ரூட், வெள்ளரி, பூசணி. மேசையே கலர் கலராக ஆகிவிட்டது. டீச்சர் பதினான்கு பேரையும் சுற்றி நிற்க வைத்தார்.

“பாருங்க. விடியக்காலைல வண்டி எடுக்கிற மனுஷர். உங்களை மாதிரி நேரமில்ல, நேரமில்லன்னு சொன்னாரா? வீட்ல எத்தனை பேர் சார்?”

“நானும் அவளும்தான் டீச்சர்.”

“ரெண்டே பேருக்குப் பதினேழு கேரட். கேட்டுக்கோங்க.”

இரண்டு பேர் வயிற்றில் பதினேழு கேரட் எப்படிப் போகும் என்று வேறு யாருடைய தோலாக இருந்தாலும் டீச்சர் உலுக்கி எடுத்திருப்பார். அன்றைக்குத் தோன்றவில்லை. நல்ல பிள்ளை கிடைத்துவிட்டால் வாத்தியாருக்குக் கண் கொஞ்சம் மங்கத்தான் செய்யும். வாரா வாரம் ஏழாம் நம்பர் பை நிறையக் கொண்டுவந்தார். வாரா வாரம் டீச்சர் அதைக் காட்டி மற்றவர்களைக் குத்தினார். காய் நறுக்குகிற மேசைப் பக்கம் ஏழாம் நம்பர் வந்து நின்றால், “நீங்க எதுக்கு இங்க? கரை கண்டவர். பழகாதவங்க பழகட்டும். வேணும்னா பாத்திரத்தைக் கழுவுங்க,” என்று அனுப்பிவிடுவார். அவரும் போய், பஸ்ஸைக் கழுவுகிற மாதிரி, நாலா பக்கமும் தண்ணீர் தெறிக்கப் பாத்திரம் கழுவினார்.

இரண்டு மாதம் முடிந்ததும் டெப்போவில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. ஏறியிருந்தது.

செவ்வாய்க்கிழமை டீச்சர் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, பொத்தான் பாடத்துக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது ஏழாம் நம்பரின் மனைவி வந்தாள். கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள். வந்த வேகத்தைப் பார்த்தால் டீச்சருக்கே சீட்டு எழுதிவிடுவாள் போலிருந்தது.

“எட்டு வாரமா இங்கதான் வர்றார். சர்க்கரை ஏறியிருக்கு. அப்படி என்னதான் சொல்லித் தர்றீங்க?”

“இருக்கவே இருக்காதும்மா.” டீச்சர் தன் கணக்கு நோட்டை எடுத்துப் பிரித்தார். “போன வாரம் மட்டும் கேரட் பதினெட்டு, பீட்ரூட் ஆறு, வெள்ளரி ஒன்பது.”

“யார் வீட்ல?”

“உங்க வீட்லதான்.”

அந்த அம்மாள் பக்கத்திலிருந்த பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தாள். “டீச்சர், எங்க வீட்ல கத்தி இருக்கிறது பார்சல் பிரிக்கிறதுக்கு. நான் இருட்டோட கிளம்பினா இருட்டினப்புறம்தான் வருவேன். எனக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு. அவருக்கு மூணு வேளையும் டெப்போ கேன்டீன்.”

“அப்ப தோல்?”

“கேன்டீன்ல மிஷின்ல போட்டு உரிப்பாங்களே. அதை அள்ளிட்டு வந்திருப்பார்.”

டீச்சர் எழுந்து கூடத்துக்குப் பின்னால் போனார். வகுப்புத் தோலையெல்லாம் கொட்டுகிற உரக்குழியில் ஏழாம் நம்பரின் போன வாரத் தோல் இன்னும் மக்காமல் தனிக் குவியலாகக் கிடந்தது. குச்சியால் கிளறிப் பார்த்தார். எல்லாம் துருவல் துருவலாக இருந்தது. நீளமாக ஒரு தோல்கூட இல்லை, கத்தி பட்ட இடமே இல்லை. சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்திருக்கும்.

“தோல் பொய் சொல்லல,” என்றார், திரும்பி வந்து. “‘நான் மிஷின் தோலு, மிஷின் தோலு’ன்னு அது எட்டு வாரமாக் கத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கு. எனக்குத்தான் காது அடைச்சுப் போச்சு.”

ஆகாயம் இடிந்து விழுந்தாலும் தன் வித்தையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார் டீச்சர்.

சண்டைக்கு வந்தவளுக்கு இப்போது வீட்டுக்காரரைக் காப்பாற்ற வேண்டிய வேலை வந்துவிட்டது. “ஏமாத்தணும்னு செய்யிற ஆளு இல்ல டீச்சர் அவர். வெறுங்கையோட வந்தா நீங்க என்ன சொல்வீங்களோன்னு பயந்திருப்பார்.”

“கத்தி பிடிக்கவாவது தெரியுமா அவருக்கு?”

“நீங்க சொல்லிக் குடுத்திருப்பீங்கன்னுதானே நான் கேட்க வந்தேன்?”

டீச்சர் வெட்டி வைத்திருந்த துணியை எடுத்து, வெட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் இன்னும் இரண்டாக வெட்டினார்.

வியாழக்கிழமை வந்தது. ஏழாம் நம்பர் யூனிபார்மோடு வாசல்வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டார்.

“என்ன, இன்னைக்கு ஸ்டாப்லயே நிக்குது வண்டி?” என்றாள் தையற்கடை அம்மாள். “பை எங்கண்ணே?”

“பை இல்ல.” கொஞ்ச நேரம் தன் தொப்பியைக் கையில் சுற்றினார். “இத்தனை நாள் கொண்டுவந்ததும் எங்க வீட்டுது இல்ல.”

பதினான்கு முகமும் ஏழாம் நம்பரை விட்டு டீச்சர் பக்கம் திரும்பியது. இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று ஆளாளுக்கு வசதியாக உட்கார்ந்துகொண்டார்கள். எட்டு வாரமாக ஏழாம் நம்பரைக் காட்டிக் காட்டி டீச்சர் குத்தியதை வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

“முதல் நாளே ஏன் சொல்லல?” என்றார் டீச்சர்.

“சொல்லத்தான் டீச்சர் இருந்தேன். ஒரே ஒரு தடவ சமாளிச்சிடலாம்னுதான் கொண்டுவந்தேன். நீங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிட்டீங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? பத்தொன்பது வருஷத்துல என்னை நல்லவன்னு யாரும் அப்படிக் கூட்டம் கூட்டிச் சொன்னதில்ல.” குரல் இறங்கியது. “நறுக்கவாவது கத்துக்கலாம்னு மேசைக்கு வந்தேன். பாத்திரம் கழுவச் சொல்லிட்டீங்க.”

டீச்சர் மேசைமேல் இருந்த செய்தித்தாளை மடித்தார்.

“கழுவினது நல்லாத்தான் கழுவினீங்க,” என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை.

“இன்னும் எத்தனை நாள் இருக்கு?”

“இருபத்தாறு நாள்.”

டீச்சர் பெஞ்சை இழுத்து மேசை ஓரமாகப் போட்டார். ஒரு கத்தியும் ஒரு கேரட்டும் எடுத்து வைத்தார். வாசலில் நின்றவரை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

ஏழாம் நம்பர் கத்தியை இரண்டு கையாலும் பிடித்தார். “அது ஸ்டீயரிங் இல்லண்ணே. ஒரு கை போதும்,” என்று தையற்கடை அம்மாள் எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் அவர் பின்னால் நின்று, கட்டைவிரல் எங்கே இருக்க வேண்டும், கத்தி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று சொன்னார். அதற்குமேல் தொடவில்லை. ஏழாம் நம்பரின் நெற்றியிலிருந்து வேர்வை மேசையில் சொட்டியது.

“சந்துக்குள்ள வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறப்பகூட எனக்கு இப்படி வேர்த்ததில்ல,” என்றார்.

“பேசாம ஓட்டுங்க,” என்றார் டீச்சர்.

மூன்று விரல் பருமனுக்கு இருந்த கேரட் கடைசியில் பென்சிலாக வந்து நின்றது. பாதிக் காய் தோலோடு போயிருந்தது. தோல் என்று சொல்ல முடியாது, விறகு பிளந்த மாதிரி துண்டு துண்டாகக் குவிந்திருந்தது. இதை டீச்சர் எப்படிப் படிக்கப் போகிறார் என்று பதினான்கு பேரும் கழுத்தை நீட்டினார்கள்.

டீச்சர் அதை வெளிச்சத்துக்குத் தூக்கவில்லை. இரண்டு கையாலும் மொத்தமாக வாரினார். ஒழுகுகிற குழாயில் ஒரு அலசு அலசி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சூப்பில் அப்படியே போட்டுக் கிளறினார். பிறகு கூடையிலிருந்து இன்னொரு கேரட்டை எடுத்து, மேசைமேல் ஏழாம் நம்பர் பக்கமாக உருட்டிவிட்டார்.