ஷீபா அம்மா என்று கூப்பிடாத இரண்டு வருஷம்

பாபநாசத்தைத் தாண்டி வயல்களுக்கு நடுவே கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன மகளிர் கல்லூரி அது. பழைய நெல் கோடவுனைத் தடுத்து வகுப்புகள் கட்டியிருந்தார்கள். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஷீபா அங்கே பி.ஏ. வரலாறு சேர்ந்தபோது வகுப்பில் பதினான்கு பேர்.

அவள் ஊர் வலங்கைமான் பக்கம். அறுவடை மெஷின் வந்த பிறகு அப்பா ஆசீர்வாதத்துக்கு வயலில் வேலை இல்லாமல் போயிற்று. திருப்பூருக்குப் போனவர் பண்டிகைக்குத்தான் வருவார். அம்மா செபஸ்தியம்மாள் அந்தக் கல்லூரி விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். அதனால்தான் மகளுக்கு விடுதியில் இலவசமாக இடம் கொடுத்தார்கள்.

முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டு வரிசையில் பெண்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் அம்மா டீச்சர். அனீஸாவின் வாப்பா துபாயில் கடை வைத்திருந்தார்.

"உங்க அம்மா என்ன பண்றாங்க?" என்று அனீஸா கேட்டாள்.

"வீட்லதான், ஊர்ல" என்றாள் ஷீபா. யோசித்துச் சொன்ன பொய்யில்லை. வாயில் அதுதான் வந்தது. அடுத்த நிமிஷம் தட்டை நீட்டினாள். கரண்டியோடு நின்ற அம்மாவிடம், "சாம்பார் போதும்க்கா" என்றாள்.

செபஸ்தியம்மாள் சாம்பார் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "சாதம் இன்னும் கொஞ்சம் வாங்கிக்க பாப்பா" என்றாள். எல்லாப் பெண்களும் அவளுக்குப் பாப்பாதான்.

சிஸ்டர்களுக்கு விஷயம் தெரியும். அவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து விடுதி அடங்கிக் கிடக்கும் மத்தியானத்தில், விறகுக் கொட்டகைக்குப் பின்னால் தாயும் மகளும் பேசிக்கொள்வார்கள்.

"சொல்லிடட்டுமாம்மா?"

"இப்ப என்ன அவசரம்? படிப்பை முடி. அப்புறம் சொல்லிக்கலாம்."

ஷீபாவுக்கு அதில் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதிக்காகப் பின்னால் அவள் தன்னையே வெறுத்தாள்.

படிப்பில் அவள் கெட்டி. இரண்டாம் வருஷம் வரலாறு எடுத்த ஜாய்ஸ் மேடம் அவளைத் தாலுகா ஆபீஸுக்கு அனுப்பிப் பழைய நிலப் பதிவேடுகளைப் பார்க்கச் சொன்னார். கிஸ்தி வரி கட்ட முடியாமல் நிலத்தை விட்டுவிட்டுப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்களைப் பற்றி ஷீபா ஒரு கட்டுரை எழுதினாள். கல்லூரி நாளன்று அதை மேடையில் வாசித்தாள். கைதட்டல் அடங்க நேரமானது.

விருந்தாளியாக வந்திருந்த பேராசிரியர், "அப்பா அம்மா வந்திருக்காங்களாம்மா? கூப்பிடு, அவங்களைப் பார்க்கணும்" என்றார்.

மேடைக்குப் பக்கத்திலேயே செபஸ்தியம்மாள் டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வரலைங்க சார்" என்றாள் ஷீபா.

செபஸ்தியம்மாள் பேராசிரியருக்கு டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அதற்கடுத்த மாதம்தான் குவைத் பேச்சு வந்தது. ஒரு வீட்டில் சமையல் வேலை, ஏஜெண்ட் விசா வாங்கித் தருகிறான் என்றாள் அம்மா. "நீ பி.எட். படிக்க வேணாமா? இங்க இருந்தா முடியாது." வேறு காரணம் ஏதாவது உண்டா என்று ஷீபா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அம்மா சொல்லியிருக்க மாட்டாள்.

அவள் கிளம்பிய அன்று விடுதிப் பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். சிலர் அழுதார்கள். செபஸ்தியம்மாள் ஒவ்வொருத்தி கன்னத்தையும் தொட்டு, "நல்லாப் படி பாப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஷீபாவிடமும் அதையே சொல்லி, அவள் கன்னத்தையும் அதே மாதிரி தொட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

மாதம் ஒருமுறை விடுதிக்கு அம்மாவின் போன் வரும். சித்தி பேசினாங்க என்று ஷீபா மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் வருஷம் பிப்ரவரியில் சிஸ்டர் அவளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். குவைத்தில், வேலை செய்த வீட்டிலேயே நெஞ்சுவலி வந்து செபஸ்தியம்மாள் இறந்துபோயிருந்தாள். காகிதங்கள் எல்லாம் முடிந்து உடல் ஊர் வந்து சேர இருபத்திரண்டு நாள் ஆயிற்று.

பழைய சமையல்காரம்மா இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு வகுப்புப் பெண்கள் வேன் பிடித்து வந்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் ஷீபா உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அனீஸா மட்டும் நேராக வந்து அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போது ஷீபா, "உன்கிட்டயாவது சொல்லியிருக்கணும்" என்றாள்.

"எனக்கு முதல் வருஷமே தெரியும்" என்றாள் அனீஸா. "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே முகம். உங்கம்மாகிட்ட நேரா கேட்டுட்டேன். ஆமான்னாங்க. 'அவகிட்ட கேட்காத பாப்பா, கூசிப்போயிடுவா'ன்னாங்க."

ஷீபா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அறுவடை முடிந்து கிடந்த வயலில் கொக்குகள் மேய்ந்தன. அனீஸா பக்கத்தில் நின்றாள்.

அந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் அதன்பிறகு ஷீபாவால் ஒரு வாய் சோறு தின்ன முடியவில்லை. விடுதியைக் காலி செய்துவிட்டு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து பரீட்சை எழுதினாள். இப்போது பட்டுக்கோட்டையில் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கிறாள். ஆசீர்வாதம் அவளோடுதான் இருக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர், "ஆத்தாளும் மகளும் ரெண்டு வருஷம் ஒரே காலேஜ்ல ஒண்ணா இருந்தாங்க. குடுத்து வச்சவங்க" என்பார். ஷீபா டீ போட எழுந்து போய்விடுவாள்.