பிளீச்சிங் பவுடரும் இஞ்சி பீர் சாடியும்

அந்தத் தீபாவளிக்கு நான் போட்ட இஞ்சி பீர் அத்தனையும் கெட்டுப்போனது. கோப்பையில் ஊற்றினால் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு விழுந்தது. ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்த நாற்றம். ரேஷன் சர்க்கரையை இரண்டு மாதம் மிச்சம்பிடித்துப் போட்டது. மலாயாவில் வெள்ளைக்காரர்கள் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம் அது; மலாக்கா பக்கம் லூபோக் சீனாவுக்கு உள்ளே இருந்த எங்கள் எஸ்டேட்டைச் சுற்றிக் கம்பி வேலி. சர்க்கரை நினைத்தபோது கிடைக்கிற சாமானில்லை.

மறுநாள் குழாயடியில் கங்காணியின் மனைவி எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "தூரமா இருக்கையில சாடியத் தொட்டிருப்பா. அப்புறம் கெடாம என்ன செய்யும்?"

உண்மையில் இஞ்சி பீர் போட்ட அன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பதில் பேசாமல் வந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

எனக்கு ரப்பர் ஸ்டோரில் வேலை. ரப்பர் பால் வந்து இறங்கும் வாளிகளையும் தொட்டிகளையும் கழுவுவது. அன்று கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த நாட்களில் நாங்கள் யாரும் லீவு போட்டதில்லை, போட்டால் பேர் விழாது, அன்றைய கூலியும் போச்சு. அதற்காக ஒரு நாளும் பால் திரிந்ததில்லை. வாளியில் பழைய பால் ஒட்டியிருந்தால்தான் திரியும். தொரையின் பாலுக்குப் படாத தீட்டு என் இஞ்சி பீருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

வேலை முடிந்ததும் சாடியை வெயிலில் கவிழ்த்துப் பார்த்தேன். விளிம்புக்குக் கீழே விரலை விட்டுத் தேய்த்தால் வழவழவென்றிருந்தது. பாட்டில்கள் தொரை பங்களாவில் தூக்கிப் போட்ட பீர் பாட்டில்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மங்கலாக ஒரு வளையம். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு நான் தேய்த்த தேய்ப்பு அங்கே போய்ச் சேரவேயில்லை.

முதலில் சவக்காரம் போட்டேன். எவ்வளவு தண்ணீர் விட்டு அலசியும் நுரையும் வாசனையும் போகவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் தரை கழுவும் லைசால் கொஞ்சம் கேட்டு வாங்கி ஊற்றினேன். வீடே வார்டு மாதிரி நாறியது. நாற்றம் போகாத அந்தச் சாடியின் மரமூடியைக் கடைசியில் அடுப்பில்தான் வைத்து எரித்தேன். ஸ்டோரில் பாலை உறையவைக்கும் ஆசிட்டைக் கொண்டுவரலாமா என்று யோசித்தபோது என் வீட்டுக்காரர் கையைக் காட்டினார். ஆசிட் தெறித்த தழும்பு. "வேணாம் புள்ள. இது தோலையே தின்னும்."

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் போய்க் கேட்டேன்.

"அது எஸ்டேட் சாமான்மா, தர முடியாது. டவுன்ல வாங்கிக்க," என்றார். ஆனால் செய்யும் விதத்தைச் சொல்லிவிட்டார். "மொதல்ல சலவைச் சோடாவும் சுடுதண்ணியும் போட்டு அழுக்க எடு. அழுக்கு மேல பவுடர் போட்டா ஒண்ணும் நடக்காது. அப்புறம் பவுடரக் கொஞ்சமா தண்ணியில கரைச்சு வை. சுண்ணாம்பு அடியில தங்கும். மேல தெளிஞ்ச தண்ணியில ஊறப்போடு. கொதிச்சு ஆறின தண்ணியில ரெண்டு தடவ அலசு. ஆசிட், வினிகர், எதுகூடவும் கலந்துடாத. அந்தப் புகை நெஞ்ச அடைச்சிடும்."

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மலாக்கா டவுனுக்குப் போனேன். பசார் பக்கத்தில் தமிழ் முஸ்லிம் நானா ஒருவரின் கடை. "டப்பால போட்டு இறுக்கி மூடி வை தங்கச்சி. காத்துப் பட்டா வீரியம் போயிடும்," என்று சொல்லி, எண்ணெய்க் காகிதத்தில் மடித்துக் கட்டிக் கொடுத்தார்.

எஸ்டேட் கேட்டில் மாட்டிக்கொண்டேன். பெண்களைச் சோதனை போடும் அம்மா பைக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்தார். மலாய்ப் போலீஸ்காரர் ஒருவர் அதைப் பிரித்தார். வெள்ளைத் தூள்.

"உபாட்? யாருக்கு மருந்து? காட்டுல இருக்கறவங்களுக்கா?"

"சாடி கழுவ."

அவர் சிரித்தார். காட்டுக்கு மருந்து கொடுத்ததாகச் சொல்லிச் சிலரை லாரியில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். ஓரமாக உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"தப்பு செஞ்சிருந்தா உட்காருவேன். டிரசரக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் நிக்கிறேன்."

அரை மணி நேரம் வெயிலில் நின்றேன். டிரசர் சைக்கிளில் வந்தார். ஒரு தகர மக்கில் தண்ணீர் வாங்கி, ஒரு சிட்டிகை போட்டுப் போலீஸ்காரரிடம் நீட்டினார். அவர் மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"கிணத்துல போடறதுதான் சார் இது. இதக் குடிச்சா யாருக்கும் காய்ச்சல் போகாது," என்றார் டிரசர்.

போலீஸ்காரர் பொட்டலத்தைத் திறந்தபடியே என் கையில் திணித்தார். பாதி மண்ணில் கொட்டியிருந்தது.

"கட்டிக் குடுங்க. பிரிச்சது நீங்கதானே," என்றேன். டிரசர் என் பக்கம் திரும்பிக் கண்ணை உருட்டினார். நான் கையை நீட்டியபடியே நின்றேன். போலீஸ்காரர் குனிந்து, கீழே கிடந்த நூலை எடுத்துக் கட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் நாள் பார்த்தேன். மற்றவர்கள் பார்க்கிற நாள் அல்ல. இரண்டு மாதத்தில் மறுபடி சர்க்கரை சேர்ந்ததும், என் முதல் நாளன்று, குழாயடிக்குப் போய்ச் சத்தமாகச் சொன்னேன்: "எனக்கு இன்னைக்குத் தூரம். இன்னைக்குத்தான் இஞ்சி பீர் போடப்போறேன். பாக்கணும்னா வந்து பாக்கலாம்லா."

ஒருத்தியின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

சோடாவில் தேய்த்து, தெளிந்த பவுடர் தண்ணீரில் ஊறவைத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் அலசி, என் கையாலேயே இஞ்சியை இடித்துப் போட்டேன். நாலு பாட்டிலை மட்டும் பழையபடி சாம்பல் போட்டுக் கழுவச் சொன்னது என் வீட்டுக்காரர். "அப்பதான் புள்ள வாய அடைக்க முடியும்." அந்த இரண்டு மாதமும் அவர் காப்பியைச் சர்க்கரை இல்லாமல் குடித்த மனுஷன்.

ஒரு வாரம் கழித்து எங்கள் லயத்து வீடுகளின் வாசலில் எல்லார் முன்னாலும் திறந்தேன். சாம்பலில் கழுவிய நாலில் மூன்று நூல் இழுத்தது. மற்றவை தெளிவாக இருந்தன. கார்க்கை எடுத்ததும் இஞ்சி வாசனை சுர்ரென்று மூக்கில் ஏறியது. பெண்கள் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள்.

கங்காணியின் மனைவிக்கும் ஒரு கிளாஸ் கொண்டுபோனேன். "எனக்கு வேணாம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம்னா விடுங்க அக்கா. ஆனா அன்னைக்குக் குழாயடியில சொன்னது தப்புன்னு அதே எடத்துல சொல்லிடுங்க."

அவர் சொல்லவில்லை. வேறு எஸ்டேட்டுக்கு மாறிப் போகும்வரை என் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. பொங்கலுக்குள் ஐந்தாறு வீட்டுப் பெண்கள் தங்கள் சாடிகளோடு வந்துவிட்டார்கள். எவ்வளவு பவுடர், எவ்வளவு நேரம் என்று மட்டும்தான் கேட்டார்கள். எந்த நாளில் போடலாம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.