பட்டுப்போன கொம்பில் குக்குறுவான்

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குப் பாறசாலையில் பஸ் ஏறினேன். நெய்யாற்றின்கரைக்குப் பத்து கிலோமீட்டர். டிக்கெட் இரண்டரை ரூபாய். பறவை பார்க்கப் போகிறேன் என்று சொல்லக் கூச்சம். கேட்டவர்களிடம் மார்க்கெட் என்றேன்.

ஆறே முக்காலுக்கு அந்த ஊர்ப் பூங்காவில் இருந்தேன். இருபது சென்ட் இடம்தான். நாலு மரம், மூன்று இரும்பு பெஞ்சு, தண்ணீர் வராத ஒரு குழாய். ஆனாலும் அரை மணி நேரம் அசையாமல் இருந்ததில் ஒன்பது வகைப் பறவைகள் வந்துபோயின. கையெட்டும் தூரத்துச் செம்பருத்தியில் ஒரு தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கியது. வயல்காட்டுப் பறவைகள் இவ்வளவு நெருங்கவிடா. இவை ஆள் நடமாட்டத்துக்குப் பழகியவை.

என் தலைக்கு மேலே வாகைமரத்தின் பட்டுப்போன கொம்பில் வட்டமாக ஒரு துளை. பச்சை நிறக் குக்குறுவான் ஒன்று ஆலம்பழத்தோடு வந்து அதில் தலையை நுழைத்தது. உள்ளே குஞ்சுகளின் சத்தம்.

ஏழரைக்கு ஏணியும் ரம்பமுமாக ஒருவர் வந்தார். பெயர் பாலையன். பூங்காவைப் பெருக்கும் ரோசம்மாவும் கூட வந்தார்.

“அக்கா, கொஞ்சம் மாறி இரிங்க. இந்தப் பட்ட கொம்பை அறுக்கணும்” என்றார் பாலையன்.

காய்ந்த கொம்பு பெருக்குபவருக்கு விறகு. அது அங்கே வழக்கம். “ஒரு மாசமா கேட்டு இன்னைக்காக்கும் ஆளு வந்திருக்கு” என்றார் ரோசம்மா.

கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்லவே தயங்குகிறவள் நான். பாலையன் ஏணியில் இரண்டு படி ஏறிவிட்டார்.

“அதுல குஞ்சு உண்டு” என்றேன்.

“ஓட்டையைப் பாத்துத்தானே கொம்பு உளுத்துப்போச்சுண்ணு அறுக்க வந்தேன்!”

“உளுத்த கொம்புலதான் அது கூடு வைக்கும். பத்து நிமிசம் பாருங்க.”

மூவரும் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தோம். பாலையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“எலே, சும்மா இரு. உன் சத்தத்துக்குக் காக்காகூட வராது” என்றார் ரோசம்மா.

குக்குறுவான் வந்தது. துளைக்குள்ளிருந்து இரண்டு சின்ன அலகுகள் எட்டிப்பார்த்தன.

“என் மக்களே!” என்றார் ரோசம்மா. பிறகு என்னிடம், “எப்போ பறக்கும்?”

“மூணு நாலு வாரம் ஆகும்.”

“அதுவரை ஓலையை எரிச்சுக்கலாம்.”

“கீழ ஆளு இருக்கும்போ ஒடிஞ்சு விழுந்தா?” என்றார் பாலையன்.

“பெஞ்சைத் தூக்கு, பிள்ளே. கொம்புக்குக் கீழ இருந்தாத்தானே மேல விழும்?” என்றார் ரோசம்மா அவரிடம்.

மூவரும் சேர்ந்து பெஞ்சை அடுத்த மரத்தடிக்கு நகர்த்தி, யாரும் அடியில் போகாதபடி வாகையைச் சுற்றிப் பாலையனின் கயிற்றைக் கட்டினோம். ஒன்பது மணி பஸ்ஸில் திரும்பினேன்.

எங்கள் வீட்டு வளவில் மரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் காய்ந்த கொம்பு ஒன்றையும் நாங்கள் விட்டுவைத்ததில்லை. பின்புறத்துப் பலாவின் பட்ட கொம்பை வெட்டவும் திங்கட்கிழமைக்கு ஆள் சொல்லியிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும், வர வேண்டாமென்று சொல்ல நேரே அந்த ஆளின் வீட்டுக்கு நடந்தேன்.