ரேடியேட்டரையும் மாற்றியிருக்க வேண்டும்

என் மகன் அந்த லாரியை வாங்கியபோது அவனுக்கு இருபத்து மூன்று வயது. லாரிக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும். முன்பக்கம் மூக்கு நீண்ட பழைய மாடல். கேளம்பாக்கம் பக்கம் ஒரு செங்கல் சூளையில், டயர்கள் பாதி மண்ணில் புதைந்து, பல வருடங்களாக ஓடாமல் நின்றிருந்தது. அதை இன்னொரு லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு வண்டலூர் வழியாக வந்து பெருங்களத்தூரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் விட்டான். அன்று சாயங்காலம் கிரீஸ் படிந்த கையோடு சமையலறைக்குள் வந்து, "அம்மா, நீ வந்து வண்டியப் பாக்கணும். மூஞ்சி அப்படியே கோவமா இருக்கும்" என்றான்.

நான் அடுப்பை அணைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில் அவன் என்னிடம் தொடர்ந்து நாலு வாக்கியம் பேசியதில்லை. இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு வந்தவன், அறைக்குள்ளேயே இருந்தான். தட்டைக் கதவோரம் வைப்பேன். சில நாள் காலியாக இருக்கும், சில நாள் சோறு காய்ந்து கிடக்கும். டாக்டரிடம் இரண்டு முறை அழைத்துப் போனேன், மூன்றாம் முறை வர மறுத்துவிட்டான். என் கணவருக்கு வேலூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து கதவுக்கு வெளியே நின்று கத்திவிட்டு, திங்கள் காலை போய்விடுவார். நான் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறேன். போர்டில் எழுதும்போதுகூட, கைப்பையில் மொபைல் அடிக்கிறதா என்றுதான் காது போகும்.

அதனால் என் சேமிப்பிலிருந்து பணம் கொடுத்தேனே தவிர, லாரி எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். வேறு இஞ்சின் போட்டு, பின்னால் டேங்க் ஏற்றி, மேடவாக்கத்து அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் அடிக்கப் போகிறானாம். அந்த வண்டி ஓடினால் இவன் வெளியே இருப்பான், நின்றுபோனால் மறுபடி அறைக்குள் போய்விடுவான். எனக்கு அவ்வளவுதான் புரிந்தது.

இஞ்சின் கிடைத்தது. விபத்தில் நொறுங்கிய ஒரு புது லாரியிலிருந்து கழற்றியது. பெருங்களத்தூர் ஷெட்டிலேயே அதை மாட்டினார்கள். ஷெட்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சனிக்கிழமை நான் போயிருந்தபோது அவர் பழைய ரேடியேட்டரைக் கழற்றித் தரையில் நிறுத்தி, மேலே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். உள்ளே அடைப்பு, கீழே நூல் மாதிரிதான் இறங்கியது.

"பாத்தீங்களா டீச்சர்? சளி புடிச்ச மூக்கு மாரி கீது. இஞ்சினு புதுசு, ரேடியேட்டரு தாத்தா. இருவது வயசு மாப்ளைக்கு எம்பது வயசு கிட்னிய வச்ச மாரி."

என் மகன் வாய்விட்டுச் சிரித்தான். "புதுசுக்கு எவ்ளோ நாள் பாய் ஆகும்?"

"மூக்கு வண்டிக்கு ரெடிமேடு ஏது தம்பி? அளவு குட்த்து செய்யணும். ஒரு மாசம் ஆவும். கோடைல அத்தினி பேரும் ரேடியேட்டரு பட்டறைலதான் நின்னுகினு கீறான்."

"ஒரு மாசமா? ஒண்ணாந் தேதிலேந்து தண்ணி தரேன்னு சொல்லிட்டேனே பாய்."

"நான் சொல்றத சொல்லிட்டேன். பெரிய இஞ்சினு, சூடும் பெருசு. இஞ்சின மாத்துனா கையோட ரேடியேட்டரையும் மாத்தணும். அப்பால பேஜாராச்சுன்னா என்னாண்ட வரக்கூடாது."

 வீட்டுக்கு வந்ததும் அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பிடக் கூப்பிட்டேன், பசிக்கவில்லை என்றான். ஒரு சாயங்காலத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது போல இருந்தது. மூடிய கதவைப் பார்த்துச் சொன்னேன்:

"அது வெறும் சுண்ணாம்புப் படிவம்தான்டா. போர் தண்ணி ஊத்தி ஊத்திப் படிஞ்சிருக்கு. ஆசிட் ஊத்தினா கரைஞ்சிடும்."

கதவு திறந்தது. "நிஜமாவா?"

"பிளஸ் டூல உனக்கே சொல்லிக் குடுத்திருக்கேன்."

"நீ சொல்லிக் குடுத்தப்ப நான் எங்கம்மா கவனிச்சேன்?"

மறுநாள் ஞாயிறு. அந்த வாரம் கணவர் வரவில்லை. ரேடியேட்டரை ஆட்டோவில் எடுத்து வந்து மொட்டைமாடியில் வைத்தோம். ஹார்டுவேர் கடையில் கழிவறை கழுவும் ஆசிட் வாங்கி, அளந்து, நானே தண்ணீரில் கலந்தேன். கீழ்வாயைத் துணியால் அடைத்துவிட்டு அவன் மெதுவாக ஊற்றினான். உள்ளே நுரைத்துப் பொங்கியது.

"சோடா மாதிரி பொங்குதும்மா! குடிக்கிறியா?"

"உங்கப்பாவுக்கு ஒரு கிளாஸ் எடுத்து வை" என்றேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

திறந்துவிட்டபோது முதலில் வெள்ளையாக வந்தது, பிறகு துரு கலந்து பழுப்பாக. மறுபடி ஊற்றி அடைத்தோம். தண்ணீர்த் தொட்டி நிழலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அடைத்த துணியின் ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டுகள் லேசான பச்சை நிறத்தில் இருந்ததைப் பார்த்தேன்.

அது என்ன என்று எனக்குத் தெரியும். என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனும் சொல்லிவிடுவான். சுண்ணாம்பு முடிந்துவிட்டது, துரு கலந்த ஆசிட் இப்போது குழாய்களின் செம்பைத் தின்கிறது. உடனே கொட்டிக் கழுவ வேண்டும். சொல்ல வாயைத் திறந்தேன். அதே நேரத்தில் அவன், "காலேஜ்ல ஒரு நாள் வைவா நடந்துச்சும்மா" என்று ஆரம்பித்தான்.

இரண்டு வருடமாக நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன கேள்விக்கு, கேட்காமலேயே பதில் வந்துகொண்டிருந்தது. வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்திருந்தும் வாயில் வரவில்லையாம். ஐந்து நிமிடம் அப்படியே நின்றானாம். பின்னால் யாரோ சிரித்தார்களாம். அதன் பிறகு வகுப்பு வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிடுவானாம். மேடவாக்கம் பக்கம் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். நான் அசையவில்லை. எழுந்தால் நிறுத்திவிடுவான் என்று பயம். அரைமணி நேரம் இருக்கும். ஆசிட் உள்ளேயே இருந்தது.

பிறகு ஆப்பசோடா கரைத்து ஊற்றிக் கழுவினோம். தண்ணீர் தடையில்லாமல் கொட்டியது. அவன் ரேடியேட்டரைத் தட்டிக்கொடுத்தான். பச்சையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சமாகத்தான் அரித்திருக்கும், தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாய் அதை மாட்டினார். "இன்னா தம்பி பண்ண? குற்றாலம் மாரி கொட்டுது!"

"க்ளீன் பண்ணேன் பாய்" என்றான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பாய் மட்டும், கோடை முடிந்ததும் புதுசு போட்டே ஆகவேண்டும் என்று மறுபடி சொன்னார்.

வண்டி பதினோரு நாள் ஓடியது. விடிகாலையில் எழுந்து, அகரம்தென் பக்கம் ஒரு கிணற்றில் நிரப்பிக்கொண்டு மேடவாக்கம் போவான். ஏழரை மணிக்கு இட்லி சாப்பிட வந்து, எந்த மாடிக்காரர் எப்படித் திட்டினார் என்று நடித்துக் காட்டுவான். எட்டு இட்லி சாப்பிட்டான் ஒரு நாள்.

பன்னிரண்டாம் நாள் மூன்றாவது பீரியடில் மொபைல் அடித்தது. "அம்மா, வண்டி நின்னுடுச்சு. செம்பாக்கம் தாண்டி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். தலைமை ஆசிரியையிடம் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஓடினேன். லாரி ரோட்டோரம் மூக்கைத் திறந்துகொண்டு நின்றது. இவன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தான். வலது முன்கையில் தோல் வெந்து கொப்புளித்திருந்தது. யாரோ அதன் மேல் பற்பசை தடவியிருந்தார்கள்.

ஆவி அடித்ததும் ஓரம் கட்டியிருக்கிறான். துணியைச் சுற்றி மூடியைத் திறந்ததில் கை வெந்தது. பிறகு எல்லாத் தண்ணி லாரிக்காரர்களும் செய்கிற மாதிரி, பின்னால் டேங்கிலிருந்து குழாயை இழுத்து ரேடியேட்டரில் விட்டிருக்கிறான். கொதிக்கும் இஞ்சினில் கிணற்றுத் தண்ணீர். உள்ளே துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம் வந்ததாம்.

கையைக் கட்டிக்கொண்டு மத்தியானம் ஷெட்டுக்குப் போனோம். பாய் ரேடியேட்டரைக் கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தார். குழாய் மூட்டுகளில் வரிசையாகப் பொத்தல். விரலால் தடவினார், பற்றவைத்த ஈயம் பொடியாக உதிர்ந்தது. பாதித் தண்ணீர் வழியிலேயே போயிருக்கிறது, இவனுக்குத் தெரியவில்லை.

"இஞ்சின் பிளாக்கே கீறிகினு போச்சு தம்பி. ஒட்ட வைக்க முடியாது. ஆமா, இத்த இன்னா ஊத்தி க்ளீன் பண்ண?"

"ஆசிட் பாய்."

"ஆசிட்டா? எந்த மடையன் சொன்னான் உனக்கு?"

நான் இரண்டடி தள்ளி, தோளில் கைப்பையோடு நின்றிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை. "நானாதான் பாய் பண்ணேன்" என்றான்.

"படிச்ச புள்ளதானே நீ?" என்று பாய் கத்தினார். "கொஞ்ச நேரத்துல எடுத்துருந்தாகூடத் தாங்கியிருக்குமே!"

நான் அப்போதும் பேசவில்லை. ஒரு வரி போதும். நான்தான், நான் பார்த்துக்கொண்டே விட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் முன்னால் அதைச் சொல்லப் பயந்தேன். அவன் கடைசியாக நம்பியது என்னை.

லாரியை ஷெட்காரரே பழைய இரும்புக்கு எடுத்துக்கொள்ள ஆள் பிடித்துக் கொடுத்தார். அவர்கள் வெட்டிய அன்று இவன் போகவில்லை. கை ஆறியது. கதவு சாத்தியே இருந்தது. கணவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார், இந்த முறை கத்தக்கூட இல்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் பாய் எனக்கு போன் செய்தார். அதே மாதிரி மூக்கு வண்டி ஒன்று ஓடும் நிலையில் வந்திருக்கிறது, தம்பியை வந்து பார்க்கச் சொல்லுங்கள், பணத்தை மெதுவாகக் கொடுக்கலாம் என்றார். கதவைத் தட்டிச் சொன்னேன். உள்ளேயிருந்து, "வேணாம்மா" என்றான். இன்னொரு முறை தட்டக் கை எழவில்லை. இந்த முறை நான் என்ன சொன்னாலும் அவன் நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

பாயைத் திரும்பக் கூப்பிட்டு, "வெளியே போயிருக்கான் பாய், வந்ததும் சொல்றேன்" என்றேன். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார். "வேலைக்குப் போறான் பாய், நேரமே இல்ல அவனுக்கு" என்றேன்.

"அப்டியா! ரொம்ப சந்தோஷம் டீச்சர்" என்றார். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை.