பேஸ்கட்பாலுக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

எங்கள் வீட்டில் ஒரு பந்தாட்டத்துக்குப் பூக்கட்டிப் பார்த்தோம் என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். கல்யாணத்துக்குப் பார்ப்பார்கள், நிலம் வாங்கப் பார்ப்பார்கள். பேஸ்கட்பாலுக்குப் பார்த்த வீடு ஸ்ரீரங்கத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அன்று பூப் பொட்டலத்தை எடுத்த கை என்னுடையது. அதனால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

ஐம்பதுகளின் கடைசிப் பகுதி. எனக்கு ஏழு வயது. வீட்டில் காலேஜில் படிப்பவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா. இன்னொருவர் அம்மாவின் தம்பி, என் மாமா. மாமா துறையூர்ப் பக்கத்திலிருந்து படிக்க வந்து எங்களோடு தங்கியிருந்தார். இருவருக்கும் காலேஜ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் திருச்சியில்தான், ஆனால் வேறு வேறு காலேஜ். இருவருமே அவரவர் காலேஜுக்கு பேஸ்கட்பால் ஆடினார்கள். போன வருஷப் போட்டிகளில் சித்தப்பாவின் காலேஜ் முதலாவது, மாமாவுடையது இரண்டாவது. புது வருஷம் காலேஜ் திறந்ததும் திறக்காததுமாக, ஆடி மாதத்திலேயே இந்த இரண்டும் மோதும் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் வீட்டில் வேறு பேச்சு ஏது? பால்காரர் சித்தப்பா கட்சி. தெருமுனையில் இஸ்திரி போடுபவர் மாமா கட்சி. அப்பா எந்தக் கட்சியிலும் சேராமல் வானத்தைப் பார்த்து, "இந்த ஆடிக் காத்துல பந்து எங்க போகும்னு பந்துக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார்.

ஆடப்போகிறவர்களுக்குள் ஒரு விரோதமும் இல்லை. கொல்லையில் தென்னைமரத்தில் ஒரு பழைய பீப்பாய் வளையத்தை அடித்து வைத்து, இரண்டு பேரும் சேர்ந்தேதான் பழகினார்கள். துவைக்கிற கல்லில் கரித்துண்டால் கோடு போட்டு, யார் எங்கே நிற்பார்கள், யார் யாரை மறிப்பார்கள் என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

"நீ எப்பவும் இடது பக்கம்தானே திரும்புவே மாப்ளே? அங்க நான் நிப்பேன்" என்பார் சித்தப்பா. ஆள் நல்ல உயரம். கையைத் தூக்கினால் வளையம் எட்டிவிடும்.

"நீ நிப்பேன்னு தெரிஞ்சப்புறமும் நான் அந்தப் பக்கம் வருவேனா மாப்ளே?" என்பார் மாமா. குள்ளம், ஆனால் படு வேகம். இடது கைக்காரர் வேறு. என்னைத் தோளில் உட்காரவைத்து வளையத்தில் பந்து போடச் சொல்லுவார். ஆகவே நான் மாமா கட்சி.

எல்லாரையும்விட உறுதியாக ஆரூடம் சொன்னவர் அத்தை, அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவர். தாயில்லாத சித்தப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். அலமாரிச் சாவி அவரிடம்தான் இருக்கும். அவர் சொன்னால் அப்பாகூட மறுத்துப் பேசமாட்டார்.

"அடியில ஓட்டை போட்ட கூடையில பந்தைப் போட்டா எப்படி நிக்கும்? அதுலயும் இந்தப் பய பீச்சாங்கையால போடறான். அதெல்லாம் கணக்குல சேருமா? என் பிள்ளைதான் ஜெயிப்பான்" என்றார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆட்டம் நெருங்க நெருங்க, மாமா சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து, "காலேஜ்லயே ஹாஸ்டல் இருக்காமே?" என்று சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டார். "நம்ம சோத்தைத் தின்னுட்டு நம்ம பிள்ளையையே ஒருத்தன் தோக்கடிச்சா ஊர் சிரிக்காது?" மாமாவின் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது. ஹாஸ்டலுக்குக் கட்ட எங்கள் துறையூர்த் தாத்தாவுக்கு வழியில்லை என்பதும், இந்த வீட்டை விட்டால் மாமா படிப்பையும் விட வேண்டியதுதான் என்பதும் எனக்கே தெரியும். அம்மா அப்பாவிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது.

அந்த அம்மாதான் அன்று ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "உங்க தம்பிதான் ஜெயிப்பாரு அண்ணி. என் தம்பிக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது?"

எனக்கு வந்ததே கோபம்! ஏற்கெனவே அம்மாமேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. சித்தப்பா இலையில் நெய் குழியில் நிற்கும். மாமா இலையில் கரண்டியைக் கவிழ்த்து ஒரு சொட்டு விழுவதற்குள் நிமிர்த்திவிடுவாள். பரிமாறும்போது மாமாவை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். சொந்தத் தம்பியை இப்படி வெறுக்கும் அக்கா உலகத்தில் உண்டா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம். வெள்ளிக்கிழமை காலை அத்தை, "சாமிகிட்டயே கேட்டுருவோம், பூக்கட்டிப் பாரு" என்றார். வெள்ளைப் பூ வந்தால் சித்தப்பா, சிவப்புப் பூ வந்தால் மாமா. அந்தக் காலத்து வழக்கப்படி கணவனை இழந்த அத்தை பூவைத் தொடமாட்டார். ஆகவே அம்மாதான் கொல்லைக்குப் போய் நந்தியாவட்டையும் அரளியும் பறித்து, வாழையிலைத் துண்டுகளில் மடித்து, நாரால் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பொட்டலமும் விளக்கின் முன்னால் ஒன்றுபோலவே இருந்தன. குழந்தை கை கள்ளமில்லாத கை என்று என்னை எடுக்கச் சொன்னார்கள். என் கையில் எவ்வளவு கள்ளம் இருந்தது என்பது எனக்கல்லவா தெரியும்! சிவப்பு, சிவப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அம்மா பிரித்தாள். வெள்ளை.

"பாத்தியா!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் மற்ற பொட்டலத்தை யாரும் கவனிக்கவில்லை. அம்மா அதை எடுக்கக் கை நீட்டுவதற்குள் நான் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடிவிட்டேன். பாவம், மாமாவின் சிவப்புப் பூ. அதற்கு ஒரு ஆறுதல் சொல்லலாம் என்று தென்னைமரத்துக்குப் பின்னால் நின்று பிரித்தேன்.

அதிலும் நந்தியாவட்டைதான் இருந்தது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாமியையே ஏமாற்றித் தம்பியைத் தோற்கடிக்கிறாளே! மாமாவிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். அவர் தன் கான்வாஸ் ஷூவுக்குச் சாக்கட்டியால் வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். சொன்னால் அழுதுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. பொட்டலத்தைப் பாவாடை இடுப்பில் சொருகிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் ஓர் அதிசயம் நடந்தது. அத்தை அடியோடு மாறிப்போனார். அன்று ராத்திரி நெய்க் கிண்ணத்தைத் தானே எடுத்து வந்து மாமா இலையில் ஊற்றினார். "பாவம், தோக்கப்போற பிள்ளை. நல்லா சாப்பிடட்டும்." மறுநாளும் அதே உபசாரம்தான். கிளம்பும்போது மாமா நெற்றியிலும் விபூதி பூசி, "மனசு விட்டுடாதேப்பா. வெற்றி தோல்வி சகஜம்" என்று தட்டிக்கொடுத்தார். ஹாஸ்டல் பேச்சு இருந்த இடம் தெரியவில்லை. மாமா ஒன்றும் புரியாமல் விழித்தார்.

அப்பா என்னை ஆட்டத்துக்கு அழைத்துப்போனார். பெண்களில் பெரியவர்கள் யாரும் வரவில்லை. அம்மா வாசல்வரைகூட வரவில்லை. காற்று ஊதித் தள்ளியது. சித்தப்பா உயரத்தில் எறிந்ததெல்லாம் காற்றோடு போக, மாமா தரையோடு தரையாகப் புகுந்து புகுந்து போட்டார். மாமாவின் காலேஜ் ஜெயித்துவிட்டது. நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

அப்பாவும் நானும் பஸ்ஸில் முன்னாலேயே வந்துவிட்டோம். முடிவை நீயும் சொல்லாதே என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்பா நழுவிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவும் மாமாவும் ஒரே சைக்கிளில் வந்தார்கள். சித்தப்பா மிதிக்க, மாமா பின்னால் உட்கார்ந்திருந்தார். இறங்கிய மாமா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"தோத்துட்டோம்க்கா. இந்தக் குள்ளன் ஒருத்தனே எங்களை ஒழிச்சுட்டான்" என்றார் சித்தப்பா சிரித்துக்கொண்டே.

அத்தை சிரிக்கவில்லை. மாமாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "பூ பொய் சொல்லாது. அந்த இன்னொரு பொட்டலம் எங்க?" என்று கேட்டார்.

சமையலறை நிலைப்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி. அம்மாவிடம் அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இடுப்பில் பொட்டலம் குறுகுறுத்தது. எடுத்துக் காட்டியிருந்தால் அம்மாவின் குட்டு உடைந்திருக்கும், என் கோபமும் தீர்ந்திருக்கும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் வேறு எதையோ சொல்லிவிட்டது.

"நான் கெணத்துல போட்டுட்டேன் அத்தே."

"அதானே பாத்தேன்! சாமி பூவைக் கெணத்துல போட்டா நடக்கறது தலைகீழாத்தானே நடக்கும்? சனியனே!" என்று என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். கோபமெல்லாம் என் தலையிலேயே இறங்கிவிட்டது போலிருக்கிறது. மாமாவைத் திரும்பிப் பார்த்து, "நீ ஏன்டா அங்கேயே நிக்கறே? கை காலைக் கழுவிட்டு வா, சோறு ஆறுது" என்றார்.

மறுநாள் காலை அம்மா என்னை மட்டும் ஆற்றுக்கு அழைத்துப்போனாள். காவிரி படிகளை மூடிக்கொண்டு ஓடியது. யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "குடுடி" என்று கையை நீட்டினாள். கொடுத்தேன். வதங்கிப்போன பூவைத் தண்ணீரில் விட்டாள்.

"ரெண்டுலயும் ஏம்மா வெள்ளையே வச்சே? மாமா தோக்கணும்னா?"

என் தலையில் குட்டு பட்ட இடத்தைத் தடவிக்கொடுத்தாள். "தோத்தா ஒண்ணுமில்லடி. ஜெயிச்சாலும் அவன் நம்ம வீட்லதானே சாப்பிடணும்" என்றாள். அப்புறம் என் காதோடு குனிந்து, "எந்தக் கையால போட்டான்?" என்று கேட்டாள்.

"பீச்சாங்கையாலதான். எல்லாமே."

அம்மா சிரித்தாள். முகமெல்லாம் ஈரம். அது ஆற்றுத் தண்ணீர் என்றுதான் நினைத்தேன். ஜெயித்தவருக்குச் சாப்பிட என்ன கஷ்டம்? தோற்றவருக்கல்லவா சோறு இறங்காது? அம்மாவுக்கு பேஸ்கட்பாலைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று முடிவு கட்டினேன். பாவமாக இருந்தது. ஆகவே படியில் அவளை உட்காரவைத்து, மாமா போட்ட பந்து ஒவ்வொன்றையும் முதலிலிருந்து அவளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.